மக்காச்சோள சைலேஜ் பேல் ஓரத்தில் பூசணம்: சுற்றுனதுல தப்பா, கட்டுனதுல தப்பா?

வாழப்பாடி_கறவை

வணக்கம். 6 கறவை மாடு, 2 கிடாரி. கார்த்திகைக் கடைசியில் 90 சைலேஜ் பேல் (நறுக்கின மக்காச்சோளத் தட்டை இறுக்கி, காற்று புகாம ஷீட் சுற்றிப் புளிக்க வச்ச தீவன உருளை) வாங்கி இறக்கியது. சின்ன உருளை: குறுக்கே 55 செ.மீ., உயரம் 52 செ.மீ. ஒன்று 52-லிருந்து 58 கிலோ வரைக்கும் நிற்குது. வெள்ளை ஷீட். 45 நாள் கழித்துப் பிரித்தால் பத்துக்கு மூணு நாலு பேல்ல ஷீட்டுக்கு அடியிலேயே வெள்ளைப் பூசணம், இரண்டு விரல் கனத்துக்கு. நடுவுல நல்ல புளிச்ச வாசம், நிறமும் மோசமில்லை.

கேள்வி மூணு. பூசணத்தைச் சுரண்டி எறிஞ்சுட்டு மீதியைப் போடலாமா? அடுத்து நம்ம காட்டு மக்காச்சோளம் 1.5 ஏக்கர் வெட்டுக்கு வருது, பேல் கட்டுறவர்கிட்ட எத்தனை சுற்று கேட்கணும்? வெல்லம், உப்பு, யூரியா எது எவ்வளவு?

பேலர்_பெத்தநாயக்கன்பாளையம்

பதில் சொல்றதுக்கு முன்னாடி இரண்டு சோதனை பண்ணுங்க.

ஒண்ணு, பிரிக்காத பேலின் பக்கவாட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஷீட்டை வெட்டி எடுங்க. ஓரத்தை விரலால் தேய்ச்சா அடுக்கு அடுக்காப் பிரியும், எண்ணுங்க. தட்டையான முகத்தில் எண்ணாதீங்க, அங்க எப்பவும் கூடத்தான் இருக்கும். வெட்டின இடத்தை உடனே சைலேஜ் டேப் போட்டு ஒட்டிடுங்க. பார்சல் ஒட்டுற பழுப்பு டேப் வெயில்ல ஒரு வாரம் தாங்காது.

ரெண்டு, நடுவுலேர்ந்து 100 கிராம் எடுத்து வாணலியில் இளந்தீயில் கிளறிக்கிட்டே காய வைங்க. கருகக் கூடாது. எடை இறங்குறது நின்னதும் எவ்வளவு மிச்சம்னு சொல்லுங்க. சமையல்கட்டுத் தராசு போதும்.

வாழப்பாடி_கறவை

பக்கவாட்டில் 4 அடுக்கு. 100 கிராம் 41 கிராமா நிற்குது. மூணு பேல்ல பார்த்தாச்சு: 40, 41, 43.

பேலர்_பெத்தநாயக்கன்பாளையம்

அப்ப பாதி விடை வந்தாச்சுங்க. சுற்று குறைவுதான், ஆனா மூல வியாதி அது இல்ல. தட்டு காய்ஞ்சு போனப்புறம் வெட்டியிருக்காங்க.

மக்காச்சோள சைலேஜுக்கு உலர் எடை 30-லிருந்து 35 சதவீதம் இருக்கணும். 41-ன்னா தட்டு ஸ்பிரிங் மாதிரி. பேலர் எவ்வளவு இறுக்கினாலும் மறுபடி உப்பும், நடுவுல காற்று நிற்கும். உங்க பேலின் கொள்ளளவைக் கணக்குப் போட்டுப் பாருங்க, 0.123 கனமீட்டர் வரும். அதுல 55 கிலோன்னா கனமீட்டருக்கு 445 கிலோதான். அதே உருளை சரியான ஈரத்துல, சரியான இறுக்கத்துல 75-80 கிலோ நிற்கணும். அப்பத்தான் கனமீட்டருக்கு 600-ஐத் தாண்டும். பேல் வாங்குறவங்க ஷீட் பளபளப்பைப் பார்க்கிறாங்க, தராசைப் பார்க்கிறதில்ல. ஒரே சைஸ் பேல் இலேசா இருந்தா அதுக்குள்ள காற்று இருக்குன்னு அர்த்தம். கனமா இருந்து 100 கிராம்ல 25 கிராம்தான் மிஞ்சுதுன்னா தண்ணிக்குக் காசு கொடுக்கிறீங்க: 60 கிலோ பேல் 25 சதவீதத்துல 15 கிலோ தீவனம், 33-ல 20 கிலோ. எடையும் உலர் அளவும் ரெண்டும் சேர்த்துப் பார்க்கணும்.

அடுத்தது சின்ன பேலுக்கே உரிய சிக்கல். இரண்டு விரல் கனம், 3 செ.மீ.ன்னு வைங்க. கேட்க அற்பமா இருக்கும். 55-க்கு 52 உருளையில சுத்தி 3 செ.மீ. தோல் எடுத்தா மொத்தத்துல 30 சதவீதம் போச்சு. 2 செ.மீ. எடுத்தாலே 20. 5 செ.மீ. உள்ள போயிருந்தா கிட்டத்தட்ட பாதி. நாலடி உயரப் பெரிய பேல்ல அதே 3 செ.மீ.க்கு அதுல பாதிதான் நஷ்டம். சின்ன பேல் முழுக்கத் தோல்தான், தேங்காய்க்கு பதிலா எலுமிச்சம்பழத்தை உரிக்கிற மாதிரி. அதனால பெரிய பேலுக்கு 4 அடுக்கு போதும்னு எங்கயோ படிச்சதை வச்சு இதுக்கும் 4 போடறது தப்பு. நறுக்கின மக்காச்சோளச் சின்ன பேலுக்கு 6 அடுக்குக்குக் குறையக் கூடாது. சித்திரை வெயில் தாண்டி வைக்கப் போறீங்கன்னா 8.

கால்நடை_ஆத்தூர்

முதல் கேள்விக்கு என் பதில்: சுரண்டிப் போட வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியும் வெள்ளை, பூஞ்சையின் வெளிப்பக்கம் மட்டுமே. அதன் இழைகள் நிறம் மாறாத பகுதிக்குள்ளும் ஓடியிருக்கும், நச்சு உருவாகியிருந்தால் அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. பெரிய சைலேஜ் குழியில் பூசணத்தோடு சேர்த்து இன்னொரு 10 செ.மீ. அகலம் எடுத்து எறிந்துவிட்டு மீதியைப் போடச் சொல்வோம். சின்ன பேலில் அப்படி 10 செ.மீ. எடுத்தால் என்ன மிஞ்சும்? ஒரு முனையில் உள்ளங்கை அளவுப் பூசணம் மட்டும் என்றால் அந்தப் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மறுபாதியை வறட்டு மாட்டுக்குப் போடலாம். சுற்றிலும் என்றால் முழு பேலும் எருக்குழிக்கு.

வெள்ளை தவிர வேறு நிறங்களும் வரும். நீலப்பச்சை, செங்கல் நிறத்தில் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்வது, கறுப்பு. எதுவானாலும் பதில் ஒன்றே. சினை மாட்டுக்கு அறவே கூடாது. கறவைக்குப் போட்டால் தீவனத்திலுள்ள அஃப்ளாடாக்சின் பி1 என்ற பூஞ்சை நச்சு, எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். பாலில் எம்1 கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி.

சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வுக்கூடம் இருக்கிறது, நச்சு அளவு பார்ப்பார்கள். மாதிரி எடுப்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஒரே இடத்தில் ஒரு பிடி அள்ளி அனுப்பினால் அந்தப் பிடிக்கு மட்டும்தான் அது ரிப்போர்ட். 5 பேலில், ஒவ்வொன்றிலும் ஓரம், நடு என இரண்டு இடத்தில் எடுத்துக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ. பையிலிருந்து காற்றைப் பிதுக்கிக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோங்கள்.

மேச்சேரி_செம்மறி

மாட்டுக்கு ஆகாததை ஆட்டுக்குத் தள்ளிவிடலாமா டாக்டர்? ஓரம் மட்டும்தானே கெட்டிருக்கு.

கால்நடை_ஆத்தூர்

கூடவே கூடாது. மாட்டைவிட ஆட்டுக்கு ஆபத்து அதிகம். மண் கலந்து, காற்று புகுந்து, புளிப்பு ஏறாத சைலேஜில் லிஸ்டீரியா கிருமி வளரும். செம்மறி ஒரு பக்கமாகத் தலை சாய்த்து வட்டமடிக்கும், காது ஒரு பக்கம் தொங்கும், எச்சில் வடியும், சினை ஆடு குட்டி வீசும். மேச்சேரி ஆட்டுக்கு சைலேஜ் போடலாம், ஆனால் நல்லதை மட்டும். வளர்ந்த ஆட்டுக்கு ஒரு கிலோவில் தொடங்கி ஒன்றரைக்குள் நிறுத்துங்கள், காய்ந்த தழையும் கூடவே இருக்கட்டும்.

ஏத்தாப்பூர்_தோட்டம்

> அடுத்து நம்ம காட்டு மக்காச்சோளம் 1.5 ஏக்கர்

அப்ப பேலரைக் கூப்பிடும் முன் கதிரைப் பாருங்க. 85 நாள், 90 நாள்னு நாள் கணக்கு வைக்காதீங்க. ரகத்துக்கு ரகம், மழைக்கு மழை மாறும்.

கதிரை உரிச்சு நடுவுல ஒடிங்க. நுனித் துண்டைக் கையில் வச்சு, ஒடிஞ்ச முகத்துல மணிகளைப் பாருங்க. மணியின் மேல்பக்கம் மஞ்சளா கெட்டியா இருக்கும், கட்டைப் பக்கம் வெளுத்துப் பால் இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு. அந்தக் கோடு மணியின் பாதிக்கு வந்தா வெட்டலாம். மூணுல ரெண்டு பங்கு இறங்கினா உடனே வெட்டியாகணும். மணியின் அடியில் கறுப்புப் புள்ளி விழுந்தா சைலேஜ் காலம் முடிஞ்சுது, கதிரை அறுத்து மணியா வித்துடுங்க.

கதிர் ஒரு குத்துமதிப்புதான். கடைசி முடிவு வாணலிதான். காட்டின நாலு மூலையிலும் நடுவுலயும் ரெண்டு ரெண்டு செடி, மொத்தமா நறுக்கிக் கலந்து 100 கிராம் காய வைங்க. 30 கிராம் வந்துட்டா ஆளுக்குச் சொல்லி விடுங்க. மழை விட்டு வெயில் அடிச்சா நாளுக்கு அரையிலிருந்து ஒரு சதவீதம் ஏறும். பேலர் கிடைக்கல, ஒரு வாரம் கழிச்சு வரேன்னு சொன்னா 33 என்பது 39 ஆகிப்போகும். மேல வாழப்பாடிக்காரர் வாங்கினதுல அதுதான் நடந்திருக்கும்.

தராசு இல்லாத இடத்தில் கைப்பிடிச் சோதனை: நறுக்கின தீவனத்தை ஒரு பிடி பிடிச்சு அரை நிமிஷம் இறுக்கி விடணும். விரலிடுக்குல சாறு ஒழுகினா ஈரம் ரொம்ப அதிகம். உருண்டை அப்படியே நின்னு கை நனைஞ்சா இன்னும் நாலஞ்சு நாள் பொறுக்கணும். உருண்டை மெதுவா விரியுது, கையில ஈரம் லேசா ஒட்டுது, அதுதான் பதம். கையை விட்டதும் உதிர்ந்தா பிந்திட்டீங்க.

அடியிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்க, 15-20 செ.மீ. அதுக்குக் கீழ மண் ஒட்டியிருக்கும், நைட்ரேட்டும் அடித்தண்டுலதான் தேங்கும். வறட்சியில் வாடி, மழை பெஞ்சு திடீர்னு துளிர்த்த பயிரை உடனே வெட்டக் கூடாது, ஒரு வாரம் போகட்டும். படைப்புழுவுக்கு மருந்து அடிச்சிருந்தா டப்பாவில் போட்டிருக்கிற காத்திருப்பு நாளைப் படிச்சுட்டு வெட்டுங்க. புளிக்கிறதில் மருந்து செத்துடும்னு நினைக்காதீங்க.

நறுக்கு நீளம் 1-லிருந்து 2 செ.மீ. சாப் கட்டர் பிளேடு மழுங்கினா தண்டு நாராக் கிழியும், 5 செ.மீ. நீளத் துண்டு வரும். அந்தத் துண்டுதான் ஷீட்டைக் குத்துது. ஒரு டிராக்டர் லோடுக்கு ஒரு தடவை பிளேடைத் தீட்டுங்க, இடைவெளியையும் பாருங்க. நம்ம ஊர் சாப் கட்டர்ல மணியை நசுக்கும் உருளை கிடையாது, அதனால கோடு பாதியைத் தாண்டி ரொம்பப் போக விடாம வெட்டினா மணி பல்லுக்கு இளகும். சாணியைத் தண்ணியில் கரைச்சுப் பாருங்க, முழு மணி நிறைய தெரிஞ்சா அந்த மாவுச்சத்து மாட்டுக்கு இல்ல, கோழிக்குத்தான்.

ஓமலூர்_அண்ணன்

இவ்வளவு சொல்றீங்க, அடிப்படையை விட்டுட்டீங்களே. டன்னுக்கு 20 கிலோ வெல்லம், 10 கிலோ உப்பு கரைச்சுத் தெளிச்சா பூசணமே வராது. பயிற்சியில் எல்லாம் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறாங்க. மோரும் கொஞ்சம் சேர்த்தா இன்னும் விசேஷம்.

பேலர்_பெத்தநாயக்கன்பாளையம்

அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கணக்கு கம்பு நேப்பியர் புல்லுக்குச் சரி, கதிர் வச்ச மக்காச்சோளத்துக்கு இல்ல. பால் பிடிச்ச தட்டுல கிருமிக்கு வேண்டிய சர்க்கரை தாராளமா இருக்கு. அதுமேல வெல்லம் ஊத்தினா ஈஸ்ட்டுக்கு விருந்து. பிரிச்ச உடனே கள்ளு வாசம் அடிக்கும், அரை நாள்ல சூடேறும். உப்பு அந்த அளவுல எதையும் பதப்படுத்தாது, ருசிக்கு மட்டும்தான். உப்பு மாட்டுக்கு வேணும்னா தாது உப்போட தொட்டியில் போடுங்க.

பூசணம் வர்றதுக்குக் காரணம் சர்க்கரைக் குறைவு இல்ல, காற்று. காற்றை வெல்லத்தால அடைக்க முடியாது.

மோர் தப்பில்லை, பிரயோஜனமும் பெரிசா இல்லை. அதுல இருக்கிறது பாலுக்குப் பழகின கிருமி. காசு செலவு பண்றதா இருந்தா சைலேஜுக்கான கல்ச்சர் (புளிக்க வைக்கிற கிருமி) வாங்குங்க. லேபிள்ல ரெண்டு விஷயம் பாருங்க. லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் மட்டும் இருந்தா வேகமா புளிக்க வைக்கும், அவ்வளவுதான். புக்னெரி இருந்தா பிரிச்சப்புறம் சூடேறாம காக்கும், ஆனா அது வேலை செய்ய 45-60 நாள் மூடி இருக்கணும். 20 நாள்ல பிரிக்கிறவங்களுக்கு அது வீண் செலவு. குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில் கரைச்சா கிருமி செத்துடும், கிணத்துத் தண்ணி எடுங்க. கரைச்சதை அன்னைக்கே தெளிச்சு முடிக்கணும்.

கால்நடை_ஆத்தூர்

யூரியா பற்றி யாரும் சொல்லவில்லை. டன்னுக்கு 5 கிலோ சேர்த்துப் புரதம் ஏற்றுவது புத்தகத்தில் உள்ள முறைதான். ஆனால் பேல் கட்டும் இடத்தில் கைத்தெளிப்பில் அது சமமாகக் கலக்காது. ஒரு பேலில் இரண்டு மடங்கு, இன்னொன்றில் சுத்தமாக இல்லை என்று ஆகும். போதாக்குறைக்கு அது புளிப்பு ஏறுவதைத் தாமதிக்கும். கன்றும் ஆடும் உள்ள வீட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். மக்காச்சோள சைலேஜில் புரதம் உலர் எடையில் 7-9 சதவீதம்தான். அதைப் பிண்ணாக்கிலோ வேலிமசாலிலோ ஈடுகட்டுங்கள்.

ஓமலூர்_அண்ணன்

சரி, மக்காச்சோளத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன். எங்க பக்கம் கோ 4, கோ 5 நேப்பியர்தான். அதுக்கு என்ன?

ஏத்தாப்பூர்_தோட்டம்

நேப்பியர்ல வெல்லம் நியாயம்தான் அண்ணா, ஆனா வெல்லத்துக்கு முன்னாடி தண்ணியைக் குறைக்கணும். பச்சையா வெட்டினா உலர் எடை 18 சதவீதம்தான் இருக்கும். அப்படியே மூடினா அடியில் சாறு தேங்கி, நாள்பட்ட வெண்ணெய் கெட்ட வாசம் வரும். கையில பட்டா சோப்புப் போட்டும் போகாது. அது பியூட்ரிக் அமிலம், மாடு முகர்ந்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும்.

காலையில் வெட்டி, பரப்பி, சாயங்காலம் வரைக்கும் வாட விடுங்க. 23-க்கு வரும். மீதியை ஈடுகட்ட நம்ம சேலத்துல கையிலேயே ஒரு சாமான் இருக்கு: சேகோ ஆலைத் திப்பி, அதாவது ஜவ்வரிசிக்கு மாவு எடுத்தப்புறம் மிஞ்சுற குச்சிக்கிழங்குச் சக்கை. களத்துல காஞ்ச திப்பியை டன்னுக்கு 80 கிலோ கலந்தா 28 சதவீதத்துக்கு வந்துடும், சாறு ஒழுகாது, மாவுச்சத்தும் சேரும். ஆலையிலிருந்து நேரா வர்ற ஈரத் திப்பியைப் போட்டா இருக்கிற தண்ணி இன்னும் கூடும், அது நேர்மாறான வேலை. தோல் கலந்த திப்பியும் வேண்டாம், குச்சிக்கிழங்குத் தோல்லதான் சயனைடு அதிகம்.

சோளத்தட்டுக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. கோ.எஃப்.எஸ். 29, 31 இரண்டுமே பூ எடுத்தப்புறம் வெட்டுங்க. முழங்கால் உயர இளஞ்சோளத்தை, அதுவும் வாடினதை, சைலேஜ் போட்டா அதுல இருக்கிற சயனைடு விஷம் போயிடும்னு நம்பாதீங்க. குறையும், முழுசாப் போகாது.

வாழப்பாடி_கறவை

நம்ம காடும் கொஞ்சம் பிந்தி 41-க்குப் போயிட்டா தண்ணி தெளிச்சுச் சரி பண்ணலாமா?

ஏத்தாப்பூர்_தோட்டம்

கணக்குப் போடுங்க. ஒரு டன்ல 410 கிலோ உலர் பொருள், அதை 35 சதவீதத்துக்கு இறக்க 170 லிட்டர் தண்ணி வேணும். தெளிச்சாலும் பாதி கீழ ஓடும், தண்டு உறிஞ்ச நேரம் எடுக்கும். அதுக்கு பதிலா ஒரு செ.மீ.க்கு நறுக்கி, பனி இறங்கும் விடியற்காலையில் வெட்டி, 8 அடுக்கு சுற்றுங்க.

பேலர்_பெத்தநாயக்கன்பாளையம்

சுற்றுற விஷயத்தை விவரமா எழுதுறேன், பேல் கட்டுறவரோட நின்னு பார்க்க வசதியா இருக்கும்.

வெட்டினதை அன்னைக்கே கட்டணும். ராத்திரி குவியல் போட்டு வச்சா காலையில் கையை உள்ள விட்டுப் பாருங்க, கதகதன்னு இருக்கும். அந்தச் சூட்டுல எரியுறது உங்க சர்க்கரை. சூட்டோட கட்டின பேல் பிரிக்கும்போது பழுப்பா, கருப்பட்டிக் காப்பி வாசம் வரும். மாடு ஆசையா தின்னும், ஆனா புரதம் வெந்து கட்டிப்போயிருக்கும், செரிக்காது. பேலரிலிருந்து உருளை விழுந்த 2 மணி நேரத்துக்குள்ள ஷீட் ஏறணும். மத்தியானம் ஓட்டினா அதுக்கும் முன்னாடி.

ஷீட் 25 மைக்ரான் ஸ்ட்ரெச் ஃபிலிம், புற ஊதாக் கதிருக்குத் தாங்குறது. கடையில பொட்டலம் கட்டுற ஃபிலிம் பார்க்க ஒண்ணு போலவே இருக்கும், மூணு மாச வெயில்ல முறுக்கு மாதிரி நொறுங்கும். ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கணும். ரோலைத் தலைகீழா மாட்டுறது அடிக்கடி நடக்கிற தப்பு.

இழுவை 55-லிருந்து 70 சதவீதம். பார்க்கிறது சுலபம்: ரோல்ல பேனாவால 10 செ.மீ. இடைவெளியில் ரெண்டு கோடு போடுங்க, பேல் மேல ஏறினதும் அளங்க. 15.5-லிருந்து 17 செ.மீ. வரைக்கும் இருந்தா சரி. 19, 20 போச்சுன்னா ஃபிலிம் மெலிஞ்சுடுச்சு, 6 அடுக்கு போட்டாலும் 4-க்குச் சமம். ஷீட் மிச்சம் பிடிக்க இழுவையைக் கூட்டி வைக்கிறவங்க இருக்காங்க. அகலத்தையும் அளங்க: 25 செ.மீ. ரோல் பேல் மேல 20 செ.மீ.யா இருக்கணும். அதுக்குக் குறைஞ்சா இழுவை அதிகம்.

ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்துல பாதியை மூடணும். எத்தனை சுத்துன்னு வாய்க்கணக்குல கேட்காதீங்க. முதல் பேல்ல தீவனம் கண்ணுக்குத் தெரியாம முழுசா மூடுற வரைக்கும் பேலைச் சுழற்றுற மேசை எத்தனை தடவை சுத்துதுன்னு எண்ணுங்க. அதோட ஒண்ணு கூட்டுங்க. அது 2 அடுக்கு. மூணால் பெருக்கினா 6, நாலால் பெருக்கினா 8. உதாரணமா 9 சுத்துல மூடினா 10, அப்ப 6 அடுக்குக்கு 30 சுத்து. கவுண்டரை அதுல வச்சுட்டு ஒதுங்கிடலாம்.

மழைத் தூறல்ல சுற்றக் கூடாது. ரெண்டு அடுக்குக்கு நடுவுல ஈரம் நின்னா பசை பிடிக்காது, காத்து அந்த வழியா நடக்கும். தார்ப்பாய் கட்டி அடியில் வேலை பாருங்க. மண்தரையில் குவிக்கிறதும் வேண்டாம், சாக்கு விரிச்சு அதுமேல கொட்டுங்க.

சுற்றின கையோட அடுக்குற இடத்துக்குக் கொண்டுபோயிடுங்க. நாலாம் நாள் அஞ்சாம் நாள் புளிச்சுக்கிட்டு இருக்கும்போது தூக்கிப்போட்டா அடுக்கு வழுக்கும்.

தீவனச்சந்தை_தலைவாசல்

கறுப்பு ஷீட் நல்லதா, வெள்ளையா?

பேலர்_பெத்தநாயக்கன்பாளையம்

நம்ம வெயிலுக்கு வெள்ளை. ஃபிலிம் சூடாக ஆக காத்தை உள்ள விடுற அளவும் கூடும். கறுப்பு மேல மத்தியானம் கை வைக்க முடியாது. நிழல் இருந்தா எந்த நிறமும் சரி.

அடுக்கும்போது தட்டையான முகம் கீழே இருக்கணும், படுக்க வைக்கக் கூடாது. முகத்துலதான் அடுக்கு அதிகம், கனமும் சமமா இறங்கும். சரியான ஈரம்னா மூணு உயரம் வரைக்கும் போகலாம், ஈரம் அதிகம்னா ஒண்ணே. தரையில் சுக்காங்கல், அறுத்த தட்டின் கட்டை எதுவும் குத்தாம மணல் பரப்புங்க. அடுக்கைச் சுத்தி ஒரு மீட்டர் புல் பூண்டு இல்லாம செதுக்கி வைங்க, எலி திறந்த வெளியைத் தாண்ட யோசிக்கும். உதிர்ந்த மணியைக் கூட்டி அள்ளிடுங்க. எலியைவிட இந்தப் பக்கம் மயில்தான் தொல்லை, வெள்ளை ஷீட்டுல கொத்தி ஓட்டை போட்டுட்டுப் போகும். மேல நிழல்வலை கட்டுங்க, ஆனா ஷீட்டுல படாம டயர் வச்சு ஒரு சாண் உயர்த்திக் கட்டணும். வாரம் ஒரு தடவை சுத்தி வந்து ஓட்டை பார்த்து, துடைச்சு, காய்ஞ்சப்புறம் டேப் ஒட்டுங்க.

ஏற்காடு_காப்பித்தோட்டம்

மேல மலையில் மக்காச்சோளம் போட இடமில்லை, காப்பிக்கு நடுவுல நாலஞ்சு மாடு வச்சிருக்கிறவங்க கீழேயிருந்து பேல் ஏத்துறாங்க. பேல் மேல வந்ததும் உப்பிக்குது. கெட்டுப்போச்சுன்னு ஊசியால குத்தி விடுறாங்க. சரியா?

பேலர்_பெத்தநாயக்கன்பாளையம்

குத்தவே கூடாது! 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காத்தழுத்தம் குறையுது, உள்ளே இருக்கிற வாயு விரியுது. சிப்ஸ் பாக்கெட் மேல வந்ததும் பந்தா நிற்குமே, அதேதான். ஸ்ட்ரெச் ஃபிலிம் அந்த அளவுக்குக் கொடுக்கும். வாய் கட்டின பைதான் கழண்டுக்கும், அதனால மலைக்குப் பை வேண்டாம், சுற்றின பேல் எடுங்க. கட்டி ஒரு வாரத்துக்குள்ள ஏத்தினா புளிக்கிற வாயுவும் சேர்ந்துக்கும். ஒண்ணு கட்டின அன்னைக்கே ஏத்துங்க, இல்லன்னா 4 வாரம் கீழ விட்டுட்டு ஏத்துங்க. பிக்கப் வண்டியில் பழைய சாக்கு விரிச்சு, இடைவெளி இல்லாம நிறுத்தி வைச்சுக் கட்டுங்க. வளைவுல ஒண்ணோட ஒண்ணு உரசறதுலதான் ஓட்டை விழுது. கம்பிக் கொக்கி போட்டு இழுக்கிற ஆளை வண்டிப்பக்கமே விடாதீங்க.

கால்நடை_ஆத்தூர்

கட்டின அன்றே ஏற்றினால் ஏற்காட்டுக் குளிரில் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும். சமவெளியில் 3 வாரத்தில் நிலைப்பது அங்கே தள்ளிப்போகும், 6 வாரம் கழித்துப் பிரியுங்கள். பிஎச் தாள் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு பிடி சைலேஜை அதே அளவு காய்ச்சி வடித்த தண்ணீரில் பிசைந்து தாளை முக்குங்கள். மக்காச்சோளத்துக்கு 3.8-லிருந்து 4.2-க்குள் இருக்க வேண்டும்.

ஏற்காடு_காப்பித்தோட்டம்

நன்றிங்க. குரங்கும் கிழிக்குது, அதுக்கு ஒரு வழி சொன்னா நல்லது.

பேலர்_பெத்தநாயக்கன்பாளையம்

கோழிவலைக் கம்பியில் கூண்டு, மேல தகரம். வேற வழி இல்லீங்க.

ஓமலூர்_அண்ணன்

இவ்வளவு பாடு எதுக்கு, குழி வெட்டிப் போட்டா ஷீட்டும் ஒண்ணுதான், செலவும் குறைவு.

ஏத்தாப்பூர்_தோட்டம்

எத்தனை மாடுங்கிறதைப் பொறுத்தது அண்ணா. திறந்த குழி முகத்துல தினம் குறைஞ்சது 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி எடுக்கணும், இல்லன்னா நம்ம வெயில்ல நீங்க எடுக்கிறதைவிட வேகமா சூடு உள்ளே போகும். 4 மாடு, ஆளுக்கு 15 கிலோ, நாளுக்கு 60 கிலோ. மிதிச்சுப் போட்ட குழியில் கனமீட்டருக்கு 550 கிலோ வைங்க. 15 செ.மீ. கணக்குக்கு முகம் முக்கால் சதுரமீட்டர்தான் இருக்கலாம். அந்த அகலத்துல குழி வெட்டினா அதுல நின்னு யார் மிதிக்கிறது? 20 மாடு, நாளுக்கு 300 கிலோன்னா 2.4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம், 120 நாளுக்கு 18 மீட்டர் நீளம், டிராக்டர் விட்டு மிதிக்கலாம். அப்ப குழி நிச்சயம் மலிவு.

நடுவுல 2 மாடு 3 மாடு வச்சிருக்கிறவங்களுக்கு 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், வளையம் போட்ட மூடியோட. 110 கிலோ பிடிக்கும், நாலு நாள்ல தீரும், எலி தொடாது, பல வருஷம் வரும். அரைச் சாண் கனத்துக்குப் போட்டு ஏறி மிதிங்க, முழுசாக் கொட்டிட்டு மேலே மட்டும் மிதிக்கிறது வீண். 500 கிலோ பை இந்த வீடுகளுக்கு ஆகாது, தீர்றதுக்குள்ள பாதி சூடேறும்.

கால்நடை_ஆத்தூர்

குழி வெட்டுபவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம். நிரப்பிய முதல் மூன்று வாரம் குழிக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது. கரியமில வாயு அடியில் தேங்கும். யூரியா அதிகம் போட்ட, வறட்சி கண்ட பயிர் என்றால் செம்பழுப்பு நிறத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவும் வரும், நுரையீரலை அரித்துவிடும். விளக்கு அணைகிறதா என்று பார்க்கும் கிணற்றுச் சோதனை அதைக் காட்டாது. முகத்தில் மஞ்சள்பழுப்புப் புகை தெரிந்தாலே மாட்டையும் அவிழ்த்துக்கொண்டு விலகுங்கள்.

வாழப்பாடி_கறவை

எல்லாருக்கும் நன்றி. பூசணம் பிடிச்ச பேல் எருக்குழிக்குப் போகுது. மீதி 60-ஐ என்ன பண்ண? 4 அடுக்குதான் இருக்கு, பங்குனி வரைக்கும் வைக்கணும்.

பேலர்_பெத்தநாயக்கன்பாளையம்

அதையே மேல இன்னும் 4 அடுக்கு சுற்றலாம், ஷீட் சுத்தமா காய்ஞ்சிருந்தா ஒட்டும். ஆனா உள்ளே பூசணம் பிடிச்சதுக்கு அது உதவாது. தட்டிப் பாருங்க, அமுக்கினா மெத்துன்னு போறது, ஓரத்துல கை வச்சா பக்கத்து பேலைவிடச் சூடா இருக்கிறது, இதெல்லாம் முதல்ல பிரிக்கிற வரிசை. கெட்டியானதை நிழலுக்கு மாத்தி மேல சுற்றுங்க. புதுசா வெட்டுறதைக் கடைசிக்கு வைங்க.

கால்நடை_ஆத்தூர்

புதிதாகப் பழக்கும்போது மாட்டுக்கு 2-3 கிலோவில் தொடங்கி 7-10 நாளில் ஏற்றுங்கள். 6 கறவைக்கு ஆளுக்கு 12 கிலோ என்றால் 72 கிலோ, சரியாகக் கட்டிய பேல் ஒன்று ஒரே நாளில் தீர்ந்துவிடும், மறுநாளுக்கு மிஞ்சாது. உங்கள் வீட்டுக்கு அந்த அளவு பொருத்தம். கறந்த பிறகு போடுங்கள், முன்னால் போட்டால் பாலில் வாசம் ஏறும். மூன்று மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம்.

பிரிக்கும்போது உள்ளே சுற்றிய வலையை முழுசாக ஒரே துண்டாக எடுத்து ஆணியில் மாட்டிவிடுங்கள். நறுக்கி நறுக்கி எடுத்தால் ஒரு முழ நூல் தொட்டிக்குள் விழுவது தெரியாது, வயிற்றில் போனால் வெளியே வராது.

வாழப்பாடி_கறவை

வலை நூல் இங்கே தொட்டி ஓரத்தில் ரெண்டு மூணு கிடக்குது, இப்பத்தான் கவனிச்சது. பொறுக்கியாச்சு. பேலர்காரரே, தை 20-க்கு மேல கதிர் கோடு பார்த்துட்டுப் போன் பண்றேன், தராசும் எடுத்து வைக்கிறேன்.

பேலர்_பெத்தநாயக்கன்பாளையம்

100-க்கு 30 வந்த அன்னைக்கே கூப்பிடுங்க, 33 வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. மிஷின் வந்து சேர மூணு நாள் ஆகும்.